தெரிந்த வழி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காதுக் கருவியை மாட்டுகிறீர்களா, இல்லை அது அலமாரிக்குள்ளேயே தூங்குகிறதா?

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. வீடியோவிலோ படம் ஒரு பக்கம் ஓடுகிறது, என் உதடு ஒரு பக்கம் ஓடுகிறது என்கிறீர்கள். ஆகவே கடிதமே கதி.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் நாலு மாடி. இரண்டாவது மாடியில் நர்ஸ்களுக்கு உதவியாளாகப் போட்டிருக்கிறார்கள். மார்ச்சில் ஜெர்மன் மொழித் தேர்வு. தேறினால் நானும் நர்ஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. கடைக்குப் போனவள் வழி தவறிவிட்டேன். நாயோடு வந்த ஒருவரை நிறுத்தி, ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று புத்தகத்தில் இருக்கிறபடியே சுத்தமான ஜெர்மனில் கேட்டேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நிமிடம் நிற்காமல் பேசினார். எனக்குப் புரிந்தது நடுவில் வந்த ‘லிங்ஸ்’ மட்டும்தான். அப்படியென்றால் இடது. எந்த இடது, எத்தனையாவது இடது என்று தெரியவில்லை. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு வலது பக்கம் நடந்தேன். நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. தப்பும் தவறுமாகக் கேட்டிருந்தால் கையாலேயே காட்டியிருப்பார். நன்றாகக் கேட்டதுதான் தப்பு.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்,
சில்லறை


ஜனவரி 30

அன்புள்ள சில்லறைக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. நாலு நாளும் படித்தேன். சின்ன வயதில் நான் வைத்த செல்லப் பெயரை அங்கேயும் விடாமல் கையெழுத்துப் போடுகிறாய். நான் நன்றாக இருக்கிறேன். கருவியை மாட்டினேன். இரைச்சல்தான் பெரிதாகிறது, பேச்சு வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் இன்ஜின் பக்கத்தில் நின்று விசில் ஊதினவனுக்கு இதற்கு மேல் என்ன கேட்கும்? உன் உதடும் உன் அண்ணியின் உதடும்தான் எனக்குப் படிக்க வந்தது. அவள் போய்ச் சேர்ந்தாள், நீ விமானம் ஏறினாய். இப்போது ஊரே எனக்கு வாயசைத்து விளையாடுகிறது.

நாய்க்காரர் கதையைப் படித்துச் சிரித்தேன். பஸ்ஸில் வழி கேட்கிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், கேட்டுவிட்டுச் சரியான இடத்தில் இறங்கும். இன்னொரு ரகம், என்னிடம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நான் நகர்ந்ததும் பக்கத்து சீட்டில் கேட்கும். நீ அதிலும் சேர்த்தி இல்லை. மூன்றாவது ரகம்.

முடிவெட்டுகிறவர் முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோரிடமும் என் தங்கை நர்ஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கீழ் வீட்டுக்காரம்மா நேற்று மாடி ஏறி வந்து, முழங்காலைத் தொட்டுக் காட்டி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: “உங்க தங்கச்சிகிட்ட இதுக்கு ஏதாவது கேட்டு எழுதுங்க.” கேட்டு எழுது.

வேறொன்றும் இல்லை. வெயில் காலத்தில் உன்னை ஒரு நடை வந்து பார்க்கலாமா என்று ஒரு ஆசை. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

கம்பளிக்குள் காதை மூடிக்கொள். உன் காதாவது நன்றாக இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முந்தாநாள் தேர்வு முடிந்தது. எழுத்து நன்றாக எழுதினேன். பேச்சுத் தேர்வு சுமார்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா கேட்டதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். அதுவும் புரியவில்லை. மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

வீட்டுக்காரம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். மாடி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது எழுதிக் காட்ட வேண்டுமென்றால் நீங்களே கீழே இறங்குங்கள்.

தாராளமாக வாருங்கள் அண்ணா. முடிவு மட்டும் வரட்டும். நர்ஸ் உடுப்போடு ரயில் நிலையத்துக்கே வந்து உங்களை அழைத்துப் போகிறேன். எங்கள் வாசலிலிருந்து அங்கே பதினேழு நிமிட நடை, ஏழு திருப்பம். இப்போதெல்லாம் எனக்கு வழி தவறுவதில்லை.

உடம்பு பத்திரம்.

சில்லறை


மார்ச் 27

அன்புள்ள சில்லறைக்கு,

ஆசீர்வாதம். நானும் என் இரத்த அழுத்தமும் சௌக்கியம். முடிவு வந்திருக்கும். எழுதியிருப்பாய், தபாலில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சேதி. சிரிக்காதே. நான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, வாரத்தில் மூன்று நாள். ஒன்பது பேர் படிக்கிறோம். மற்ற எட்டுப் பேரின் வயதைக் கூட்டினால்தான் என்னைத் தாண்டும். ‘கண்டக்டர் சார்’ என்று முதல் பெஞ்சை எனக்கே விட்டுவிட்டார்கள். டீச்சர் உன்னைவிடச் சின்னப் பெண். பாவம், என் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். ஜெர்மன் பேசும் உதடு நம் உதடு மாதிரி இல்லை. பாதி நேரம் விசில் ஊதப் போகிற மாதிரியே குவிந்திருக்கிறது.

ஆறாவது பாடம், வழி கேட்பது. ‘என்ட்ஷுல்டிகுங்’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். வழி கேட்பதற்கே மன்னிப்புக் கேட்கிற ஜனம் நல்ல ஜனமாகத்தான் இருக்க வேண்டும். பரீட்சை வைத்தாள். கேள்வி கேட்பதில் எனக்குப் பத்துக்குப் பத்து. பதிலைப் புரிந்துகொள்வதில் முட்டை. கரும்பலகையில் எழுதிக் காட்டினாள்: “சார், நீங்க கேக்கறது அவ்வளவு சுத்தமா இருக்கு. பதில் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?”

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று சொல்லி வைத்தார்கள். காது இல்லாதவன் திரும்பி வருவானா என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. கடைசியில் அவளே ஒரு அட்டையில் ஜெர்மனில் எழுதிக் கொடுத்தாள்: எனக்குக் காது கேட்காது, கையால் காட்டுங்கள்.

தேர்வு முடிவை உடனே எழுது.

அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. மன்னித்துவிடுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி?

வேலை அதிகம். இங்கே ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் சோப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கைத்தோல் உரிகிறது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

நீங்கள் வருவதைப் பற்றி. இந்த வருஷம் வேண்டாம் அண்ணா. என் அறை சின்னது, வெளியாள் தங்கக்கூடாது என்று விதி. லீவும் கிடைக்காது. அவ்வளவு தூரம் தனியாக, உங்கள் காதை வைத்துக்கொண்டு எப்படி வருவீர்கள்? அடுத்த வருஷம் பார்க்கலாம்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

சில்லறை


ஜூன் 20

தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

நான் இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தேன். தேர்வில் தேறினாயா என்று ஒன்று, எப்போது வரலாம் என்று ஒன்று. முதல் கேள்விக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு என் காதைப் பதிலாகச் சொல்லியிருக்கிறாய்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது பரிசளிப்பு விழாவுக்கு டியூட்டியிலிருந்து காக்கிச் சட்டையோடு ஓடி வந்தேன். உன்னை மேடைக்குக் கூப்பிட்டதும், பழக்க தோஷம், “முன்னாடி போ, முன்னாடி போ, வழி விடுங்க” என்று கத்திவிட்டேன். மண்டபமே சிரித்தது. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்போது உனக்குப் பதினாலு வயது, அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது உனக்கு முப்பத்தாறு.

செவிட்டு அண்ணனை நாலு பேர் பார்க்கத் தெருவில் கூட்டிக்கொண்டு போகக் கூச்சமாக இருந்தால் நேராகச் சொல்லிவிடு. நான் உரக்கப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியும். எவ்வளவு உரக்க என்பதுதான் தெரியாது. சொல்லிவிட்டால் பாஸ்போர்ட்டை மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன்.

சாப்பாட்டில் அலட்சியம் வேண்டாம்.

அண்ணன்


ஜூலை 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். சத்தியமாக அது காரணம் இல்லை. காரணம் வேறு. அதை இப்போது எழுத வரவில்லை. கேட்காதீர்கள், வரவும் வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் உடம்புக்கு எப்படி என்று எழுதுங்கள்.

சில்லறை


ஆகஸ்ட் 16

அன்புள்ள சில்லறைக்கு,

ஆசீர்வாதம். உடம்பு ஒரே சீராக ஓடுகிறது.

நீ வர வேண்டாம் என்றாய். உன்னைப் பார்க்க வரவில்லை என்றே வைத்துக்கொள். ஒரு டூர் கம்பெனி, ஓய்வு பெற்றவர்களாகப் பார்த்து முப்பது பேரைப் பதினொரு நாள் சுற்றிக்காட்டுகிறது. விசா, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெயர் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஒரு நாள் மட்டும் அவரவர் இஷ்டப்படி போகலாமாம். வரைபடத்தில் பார்த்தேன். நாங்கள் தங்கும் இடத்திலிருந்து உன் ஊர் ரயிலில் ஒன்றரை மணி நேரம்.

காலையில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். உன் அறையில் தங்க மாட்டேன். ரயில் நிலையத்துக்கு நீ வர வேண்டாம், லீவு போட வேண்டாம். கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன், பத்துக்குப் பத்து வாங்கினவன். உன் முகத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். காரணத்தைக் கேட்க மாட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 13

அன்புள்ள சில்லறைக்கு,

நல்லபடியாக ஓட்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கால் வலியைத் தவிர ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று வந்தேன். நீ லீவில் வெளியூர் போயிருப்பதாக வரவேற்பறை அம்மா எழுதிக் காட்டினார். ‘விடுமுறை’ என்ற சொல் மட்டும் எனக்கே புரிந்தது, நாலாவது பாடம். மீதியை ஓட்டலுக்கு வந்த பிறகு டூர் கைடு தமிழில் எழுதிக் காட்டினார். பரவாயில்லை. என் கடிதம் உனக்குத் தாமதமாக வந்திருக்கும்.

ஏழு திருப்பம் என்று எழுதியிருந்தாய். ஒரு திருப்பத்துக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டேன். மொத்த வழியையும் ஒருவரிடமே கேட்டால்தானே தலை சுற்றும்? சைக்கிள் பெண், தபால்காரர், கதவுக்குப் பெயின்ட் அடித்தவர், இப்படி. கேட்பேன், அட்டையை நீட்டுவேன், கையைப் பார்ப்பேன். நாலாவது முனையில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு திசையில் கை நீட்டி அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. பூக்கடை அம்மா கடையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்து வந்தார். இத்தனைக்கும் யாருக்கும் என்னைத் தெரியாது. கேட்ட அத்தனை பேரும் பதில் சொன்னார்கள்.

உங்கள் வரவேற்பறையில் ரொம்ப உரக்கப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். உனக்குக் கொண்டுவந்த பையை அங்கேயே கொடுத்துவிட்டேன். கைத்தோலுக்கு எண்ணெய் இருக்கிறது, வேலை முடிந்ததும் தடவு.

அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போதும் கேட்டுக் கேட்டுத்தான் போனேன்.

அண்ணன்


நவம்பர் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். இந்தத் தடவை கிழிக்க மாட்டேன்.

நான் நர்ஸ் இல்லை அண்ணா. மார்ச்சில் தோற்றேன். ஜூலையில் இன்னொரு முறை எழுதித் தோற்றேன். இரண்டு முறையும் பேச்சில்தான். ஏப்ரலிலேயே மாடியிலிருந்து இறக்கி, கீழே நிலவறையில் துணி துவைக்கும் இடத்தில் போட்டுவிட்டார்கள். நானூறு விரிப்பும் நான் துவைத்து மடிப்பது. வருகிற பிப்ரவரியில் கடைசி வாய்ப்பு, தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரம்மா என்னிடம் வைத்தியம் கேட்கிறார். நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். எந்த முகத்தோடு எழுதுவேன்?

செப்டம்பர் பன்னிரண்டு அன்று நான் எங்கும் போகவில்லை. உங்கள் கடிதம் நேரத்துக்கே வந்தது. எங்கள் நிலவறைக்குத் தெருத் தரையோடு ஒட்டி ஒரு ஜன்னல் உண்டு, அதில் கால்கள் மட்டும் தெரியும். பதினொன்றரைக்கு உங்கள் பழுப்புச் செருப்பு வந்து நின்றது. மேலே உங்கள் குரல். எவ்வளவு அழகாகக் கேட்டீர்கள் அண்ணா, ஒரு சொல் தப்பவில்லை. வரவேற்பறையிலிருந்து கீழே போன் வந்தது. நான் லீவு என்று சொல்லுங்கள் என்றேன். அந்த அம்மா “அது உன் அண்ணன்” என்றார். மறுபடியும் லீவு என்றே சொன்னேன்.

நீங்கள் கிளம்பியதும் என்னால் இருக்க முடியவில்லை. பின்கதவு வழியாக, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தேன். ரயில் நிலையம் வரை உங்கள் பின்னாலேயே நடந்தேன், நாற்பது அடி தள்ளி. கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது, அதனால் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடிவந்து தொட்டிருக்கலாம். தொடவில்லை. உங்களால் எனக்குக் கூச்சமில்லை. என்னால்தான் எனக்குக் கூச்சம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்த அதே வழி. ஒரு தடவை போன பாதையை நீங்கள் மறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முனையிலும் நின்று ஒருவரைப் பிடித்து வழி கேட்டீர்கள். அவர்கள் கை காட்டின பிறகும் அங்கேயே நின்றீர்கள். ஏழு முனையிலும். உங்களுக்கு மறதி வந்துவிட்டதா அண்ணா? எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

சில்லறை


டிசம்பர் 15

அன்புள்ள சில்லறைக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். கையில் எண்ணெய் தடவுகிறாயா?

திட்ட ஒன்றும் இல்லை. நானூறு விரிப்பு மாற்றுகிற நர்ஸ் எந்த ஊரிலும் கிடையாது என்று ஜூன் மாதமே எனக்குச் சந்தேகம். சோப்பைப் பற்றி எழுதினாயே, அப்போதே நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அதைச் சொல்லாமல் என் காதைச் சொன்னாய் என்றுதான் கோபம். வேறு கோபம் இல்லை.

மறதியும் இல்லை, பயப்படாதே. முதல் முனையில் இருக்கும் மருந்துக் கடைக் கண்ணாடியில், எனக்குப் பின்னால் ஒரு நீல ஏப்ரன் தெரிந்தது. டிக்கெட் எடுக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவர்களை இருபத்தெட்டு வருஷம் தேடின கண் இது. உன்னைக் கண்டுபிடிக்காதா? முன்னைக்கு மெலிந்திருக்கிறாய்.

திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பார்த்தால் ஓடிவிடுவாய். லீவு என்று சொல்லியனுப்பியவளை நடுத்தெருவில் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. சும்மா நின்றால் உனக்குச் சந்தேகம் வரும். தெருவில் ஒரு மனுஷன் காரணம் இல்லாமல் நிற்க முடியாது, வழி கேட்டுக்கொண்டு நிற்கலாம். அதனால் கேட்டேன். அவர்கள் கை காட்டுவார்கள், எனக்கு அது எதற்கு? நீ அந்த நாற்பது அடியைக் கடந்து வந்து, என் தோளைத் தொட்டு, “இப்படிண்ணா” என்று காட்டுவாய் என்றுதான் ஒவ்வொரு முனையிலும் நின்றேன். இந்த முனையில் வருவாய், இல்லாவிட்டால் அடுத்த முனையில் வருவாய் என்று நினைத்தேன். ஏழும் தீர்ந்துவிட்டது. ரயிலும் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்ளே தள்ளி உட்கார்ந்து அழுதேன். சத்தமாக அழுதேனோ என்னவோ, எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

பிப்ரவரியில் தேர்வு எழுது. புரியாவிட்டால் மூன்றாவது முறையும் கேள், பத்தாவது முறையும் கேள். தேறினாலும் சரி, தோற்றாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி. வீட்டுக்காரம்மாவிடம் என் தங்கை துணி துவைக்கிறாள் என்று நேற்றே சொல்லிவிட்டேன். “அதுக்கென்ன, கை நல்லா இருக்கா?” என்று எழுதிக் காட்டினார்.

பிப்ரவரிக்குப் பிறகும் நீ அங்கேயே இருந்தால், மே மாதம் அதே டூரில் மறுபடியும் வருகிறேன். இந்தத் தடவை யாரிடமும் வழி கேட்க மாட்டேன்.

அண்ணன்